அடிவாரத்தில் கடை போட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கடைத் திறப்புக்கு வர முடியவில்லை. முழங்கால் படுத்துகிறது. நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலைன்மென்ட் மெஷின் புதுசு. நைட்ரஜனுக்குத் தனி சிலிண்டர். சுவர் முழுக்கப் பதினேழு இஞ்ச், பதினெட்டு இஞ்ச் அலாய் வரிசையாகப் பளபளக்கிறது. கம்ப்ரஸரைக் காணோமே என்று தேடினால் மூலையில் ஒரு பழசு, துருப்பிடித்த டேங்கோடு நிற்கிறது. சுவருக்குச் செலவு செய்தவன் காற்றுக்குச் செய்யவில்லை. அதுதான் உறுத்தியது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து ரோட்டில் கடை போட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். நீ போட்டிருப்பது ஏற்காடு ரோட்டில், கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம். உன் கடையில் ரிம் மாற்றிக்கொண்டு கிளம்புகிற வண்டி, அந்த மாலையே முதல் கொண்டை ஊசியில் திரும்பிக்கொண்டிருக்கும். சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை. ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். நடுவில் 20 வளைவு. ஏறும்போது இன்ஜின் முக்கும், சத்தம் போடும், ஓட்டுகிறவனுக்கே தெரியும். இறங்கும்போது எல்லாம் அமைதியாக இருக்கும்; அப்போதுதான் டயரும் பிரேக்கும் உயிரைக் கொடுத்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும். காசு கொடுக்கிறவன் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் கொடுக்கிறான். சுமக்கிறது ரப்பரும் காற்றும்.

சனிக்கிழமை வருகிற ஆளை நினைத்துக்கொள். புது பிரெஸ்ஸா, கம்பெனி டயர் 215/60 ஆர்16. பதினெட்டு இஞ்ச் வேண்டும், 225/45 போடச் சொல்லி யாரோ சொன்னார்கள் என்பான். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்ப்பாய். பழைய டயரின் மொத்த உயரம் 664 மில்லிமீட்டர், புதுசு 660. மீட்டர் பொய் சொல்லாது, மட்கார்டுக்குள் அடங்கும், கம்ப்யூட்டர் பச்சை விளக்குக் காட்டும். அங்கேதான் ஏமாறுவாய். சைடுவாலைக் கணக்குப் போடு: 215-இல் நூற்றுக்கு 60 என்றால் 129 மி.மீ. 225-இல் 45 என்றால் 101. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த ரப்பரில் 28 மி.மீ. காணாமல் போயிற்று. ஒரு இஞ்சுக்கும் மேல்.

சேலத்துக்குள் அது பெரிய விஷயமில்லை. மலையில் எதிரே அரசு பஸ் இறங்கும். வளைவில் பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும். இவன் இடது சக்கரத்தைத் தார் ரோட்டுக்கு வெளியே இறக்குவான். தார் முடிகிற இடத்தில் மழை அரித்து, கத்தி மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். திரும்ப ஏறும்போது சைடுவால் அந்த விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்து டயர் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளத்தோடு வருவான், டயர் கம்பெனியைத் திட்டிக்கொண்டே. உள்ளே நூல் அறுந்திருக்கும். வெறும் ரப்பர்தான் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு ஒட்டும் கிடையாது, வைத்தியமும் கிடையாது.

அளவுக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணை யாரும் படிப்பதில்லை. நீ படி. கம்பெனி டயரில் 95 என்றிருந்தால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். பதினெட்டு இஞ்சில் அந்த அளவுக்குச் சாதாரண டயர் 91, அதாவது 615 கிலோ. நாலு டயருக்கும் சேர்த்து 300 கிலோ குறைகிறது. அப்பா, அம்மா, பாட்டி, தலைக்கு ஒரு பை என்று ஏற்றிக்கொண்டு இறங்குகிற வண்டியில், பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னால் சாயும். அதே அளவில் எக்ஸ்ட்ரா லோட் டயர் இருக்கிறது, 95 கிடைக்கும். ஆனால் அந்தப் பாரத்தைத் தாங்க அதற்குக் காற்றுக் கூடுதலாக வேண்டும், கூடுதல் காற்றில் குலுங்கும், குலுங்கினால் பாட்டி திட்டுவாள்.

என்னைக் கேட்டால், பதினாறிலேயே இருந்துகொண்டு ரிம்முக்கு வைத்திருந்த காசில் நல்ல டயராகப் போடச் சொல்வேன். அடம்பிடித்தால் பதினேழு, 215/55. அதில் 118 மி.மீ. ரப்பர் மிஞ்சும், 94 எண் இருந்தால் 670 கிலோ. அதற்கு மேல் கேட்கிறவனிடம் இல்லையென்று சொல். போகட்டும். ஐந்து ரோட்டில் போட்டுக்கொள்வான், கொப்புளத்தோடு உன்னிடம் வருவான்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லணும். நீ என்னிடம் வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. கிரெட்டாவிலிருந்து கழற்றிய அலாய் நாலு, ஒருத்தர் வாங்கி வந்து தன் பிரெஸ்ஸாவில் மாட்டச் சொன்னார். ஐந்து நட்டு, அவை நிற்கிற வட்டம் (பி.சி.டி.) இரண்டுக்கும் 114.3 மி.மீ. கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அனுப்பி வைத்தேன். மறுநாள் வந்தார்: எழுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் ஆடுகிறது. பேலன்ஸ் செய்தேன். மறுபடி வந்தார். மறுபடி செய்தேன், வெயிட் ஒட்டிய இடத்திலேயே வெயிட் ஒட்டினேன். டயர்தான் கோளாறு என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். மூன்றாம் தடவை சக்கரத்தைக் கழற்றி, நட்டில்லாமல் சும்மா ஹப்பில் தொங்கவிட்டு, கீழ்ப் பக்கம் விரல் நகத்தை நுழைத்துப் பார்த்தேன். மேலே உட்கார்ந்திருந்த ரிம், கீழே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கிரெட்டாவின் நடுத் துளை 67.1 மி.மீ.; மாருதி ஹப் 60.1. ஏழு மில்லிமீட்டர் காற்றில் ஒரு சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஒரு குடும்பத்தை இரண்டு தடவை மலைக்கு அனுப்பியிருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் லேத் பட்டறையில் அலுமினியத்தில் நாலு வளையம் கடைந்து வாங்கி, ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் போட்டேன். ஆட்டம் நின்றது. அவர் நன்றி சொன்னார். எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து எந்த ரிம்மையும் முதலில் நட்டில்லாமல் ஹப்பில் தொங்கவிட்டுத்தான் பார்க்கிறேன். நீயும் பார்த்திருப்பாய், இவருக்கு என்ன கிறுக்கா என்று நினைத்திருப்பாய்.

ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதிகிற முகம் தள்ளியிருக்கிற தூரம்) அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆறு இஞ்ச் அகல ரிம், ஆஃப்செட் 45. அதை எடுத்துவிட்டு ஏழு இஞ்ச், 35 போட்டால் வெளி விளிம்பு 22.7 மி.மீ. வெளியே வரும். நின்றால் அழகுதான். பேரிங் முனகும், கதவெல்லாம் கல் அடிக்கும். கடைத் தரையில், காலி வண்டியில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்து எங்கும் உரசவில்லை என்று சொல்லாதே. பையன்கள் நாலு பேரை உள்ளே உட்கார வைத்து ஒடித்துப் பார். கொண்டை ஊசியில் முழு ஒடிப்பும் முழுப் பாரமும் சேர்ந்தே வரும்.

டயரைப் பற்றிக் கேட்கிறவனிடம் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: வண்டி ராத்திரி எங்கே நிற்கும்? நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் நிற்கிற வண்டிக்கு, காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் செம்மண் டயர்ப் பட்டன்களுக்கு நடுவில் அடைத்துக்கொள்ளும். அவனுக்கு ஆல் டெரெய்ன் நியாயம். ஃபேர்லாண்ட்ஸில் நிறுத்திவிட்டு மாதம் ஒருமுறை ஏரியைப் பார்க்கப் போகிறவனுக்கு எதற்கு? பெரிய பட்டன் ஈரத் தாரில் பிடிப்புக் குறைவு. மேலே பனிமூட்டம் இறங்கினால் மழையில்லாமலே ரோடு நனைந்திருக்கும், அதன்மேல் சில்வர் ஓக் இலை. முரட்டு டயர் போட்டால் முரட்டு ரோட்டுக்கெல்லாம் நல்லது என்று நினைக்கிறார்கள். ஏற்காடு ரோடு முரட்டு ரோடு இல்லை, வழுக்கு ரோடு.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவன் புதுசை முன்னால் போடச் சொல்வான். பின்னால் போடு. இறக்கத்தில் பின்பக்கம் லேசாகிவிடும். மொட்டை டயர் அங்கே இருந்தால் ஈரத்தில் வால் ஆட்டும். முன்னால் வழுக்கினால் ஓட்டுகிறவன் உணர்ந்து சமாளிப்பான். பின்னால் வழுக்கினால் உணர்வதற்குள் பள்ளம் தெரியும்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். டயரில் நாலு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மலிவாகக் கிடைத்த ஸ்டாக்கில் முதலில் அதைப் பார். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று வருவார்கள். மலை ஏறுகிற வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம். இரும்பு ரிம் வளையும், தட்டி எடுக்கலாம். அலாய் விரிசல் விட்டு உடையலாம். அலாய் என்றாலே இலேசு என்றும் நம்பாதே, தராசில் வை. கம்பெனி இரும்பு ரிம்மை விட எடை கூடினதை நானே பார்த்திருக்கிறேன். சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. தயாரித்தவன் சொன்னதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. வண்டிப் புத்தகத்தில் இருக்கிற அளவை வாடிக்கையாளருக்குக் காட்டி விட்டுப் பேச்சை ஆரம்பி.

நட்டை இம்பாக்ட் கன்னிலேயே கடைசிவரை முறுக்காதே. கையால் பிடித்து, எதிரெதிராக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சில் முடி. இந்த வண்டிகளுக்கு நூறு நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டாரம், சரியான எண் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். ஒருமுறை மலை ஏறி இறங்கியதும் வரச் சொல், மறுபடி பார். காசு வாங்காதே. இன்னொன்று, இது யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்: புது அலாய்க்குப் புது நட்டு போடுவாய். ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம்தானே? புது நட்டு அதில் சரியாக உட்காராமல் போகலாம். பதினாலாவது வளைவில், மழையில், இருட்டில், பஞ்சரான வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டெப்னியை உருட்டி வைத்துக்கொண்டு ஒருவன் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. பழைய நட்டைக் கவரில் போட்டு, மேலே எழுதி, டிக்கியில் ஸ்டெப்னிக்குள்ளேயே வைத்து அனுப்பு.

கடைசியாகக் காற்று. சேலம் வெயிலில், 35 டிகிரியில், ஆறின டயருக்கு 33 பாயிண்ட் பிடித்து அனுப்புகிறாய். மேலே வெளிக்காற்றின் அழுத்தமே இரண்டு பாயிண்ட் குறைவு. அதனால் கேஜ் இரண்டு கூட்டிக் காட்டணும். ஆனால் விடிகாலையில் அங்கே 20 டிகிரி. குளிரில் டயருக்குள்ளே காற்று சுருங்கி இரண்டு சொச்சம் குறையும். கூட்டிக் கழித்துப் பார், அதே 33. மலைக்கென்று தனியாக ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். ஆனால் இறங்கி வந்த சூட்டில் உன் கடையில் நிறுத்தி கேஜ் வைத்தால் 37, 38 காட்டும். புதுப் பையன் கூடிப்போச்சு என்று திறந்து விட்டுவிடுவான். மறுநாள் காலை 28-இல் ஓடும். அந்தப் பையனுக்கு இதைச் சொல்லிவை. முன் ரிம்மில் கையையும் வைத்துப் பார்க்கச் சொல். வைக்க முடியாத சூடு என்றால் வந்தவன் வழியெல்லாம் பிரேக்கிலேயே கால் வைத்திருக்கிறான். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, இறக்கத்தில் இரண்டாவது கியர் என்று ஒன்று இருப்பதை ஞாபகப்படுத்தலாம்.

நைட்ரஜனுக்கு எவ்வளவு வாங்குகிறாய்? நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு அதுதான்.

என் கடையில் ஐந்து எச்.பி. கம்ப்ரஸர் ஒன்று சும்மா கிடக்கிறது, டேங்க் நன்றாக இருக்கிறது. திங்கட்கிழமை டெம்போவில் ஏற்றி விடுகிறேன். இறக்குவதற்கு இரண்டு ஆள் நிறுத்தி வை. கேஜ் மட்டும் நீ புதுசாக வாங்கிக்கொள். இதில் இருப்பது இரண்டு பாயிண்ட் கூட்டிச் சொல்லும்.

அன்புடன்,
உன் அண்ணன்