அழிக்க 20 நிமிடம், திருத்தச் சில நொடி

சலவை இயந்திரம், மின்னணு எடைக் கருவி, தொலைக்காட்சி ரிமோட் ஆகியவற்றுக்குள் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லு உள்ளது. செயலி, நினைவகம், வெளி இணைப்புகள் மூன்றும் ஒரே சில்லில் அமைந்த சிறு கணினி இது. இதற்கு நிரல் எழுதுவது இன்று பள்ளி மாணவராலும் முடியும். முன்பு அப்படி இல்லை.

1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃபிரோமன் 'ஈப்ரோம்' நினைவகத்தை உருவாக்கினார். 1702 என்ற அதன் முதல் சில்லில் 256 பைட்டுகளே அடங்கும். எழுதியதை அழிக்க, சில்லைப் பலகையிலிருந்து கழற்றி, அதன் மேலுள்ள குவார்ட்ஸ் சாளரத்தின் வழியே புற ஊதா ஒளியைச் செலுத்த வேண்டும். இவ்வகைச் சில்லுகளுக்குப் பொதுவாக 15 முதல் 20 நிமிடங்கள் ஆகும். பிறகு 'புரோகிராமர்' என்ற தனிக் கருவியில் பொருத்தி மீண்டும் எழுத வேண்டும். ஒரேயொரு எண் தவறினாலும் இத்தனை வேலை. அதனால் முதலில் தாளில் வரி வரியாகச் சரிபார்ப்பதே இலாபமாக இருந்தது.

மின்சாரத்தாலேயே அழிக்கக்கூடிய நினைவகங்கள் வந்ததும் நிலைமை மாறியது. 1993இல் மைக்ரோசிப் நிறுவனம் வெளியிட்ட பிக் 16சி84 சில்லுக்குப் புற ஊதா விளக்கு தேவைப்படவில்லை. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் உருவான ஆர்டுயினோ, தனிக் கருவியின் தேவையையும் நீக்கியது. அதன் சில்லில் 'பூட்லோடர்' என்ற சிறு நிரல் முன்பே இருக்கும். கணினியிலிருந்து கேபிள் வழியே வரும் புதிய நிரலை அது வாங்கி, பிளாஷ் நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். சில நொடிகள் போதும்.

பிழையைத் திருத்துவது எளிதானது நன்மையே. ஆனால் மாணவர்கள் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்து, எப்படியோ இயங்கினால் போதும் என்று நின்றுவிடக்கூடும். பழைய முறை கட்டாயப்படுத்திய நிதானத்தை இப்போது ஆசிரியர்தான் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும்.

செயல்பாடு: ஆர்டுயினோவில் எல்இடி விளக்கை 1000 மில்லி நொடி எரியவும் 1000 மில்லி நொடி அணையவும் செய்யுங்கள். 20 நொடிகளில் 10 முறை மின்னும். இரு எண்களையும் 500 ஆக்கினால் எத்தனை முறை மின்னும்? மாணவர்கள் விடையைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே நிரலை ஏற்ற வேண்டும். 20 முறை மின்னுவதை எண்ணிச் சரிபார்க்கட்டும்.

அடுத்து இரண்டையும் 5 ஆக்கச் சொல்லுங்கள். விளக்கு தொடர்ந்து எரிவதுபோலத் தெரியும். "நிரலில் தவறு" என்பார்கள் சிலர். தவறு நிரலில் இல்லை. நொடிக்கு 100 முறை மின்னுவதைக் கண்ணால் பிரித்தறிய முடியவில்லை. முன்கூட்டியே கணித்து எழுதியவருக்கே இந்தக் கேள்வி எழும்.