ஊர்ச் செய்தியே அறிவியல் பாடம்: டீச்சர் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்



மழைக்கு லீவு விட்ட மறுநாள் மூணாம் வகுப்புக்குள் நுழைந்து பாரு. "ரெட் அலர்ட்னா என்ன டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கண்டிப்பாகக் கேட்கும். ராக்கெட் போன மறுநாள் ராக்கெட்டைப் பற்றிக் கேட்கும். கிரகணம் வந்தால் "அந்த நேரத்தில் சாப்பிடலாமா?" என்று கேட்கும். பிள்ளைகள் தாங்களாகவே வாய் திறக்கிற அந்த நாள்தான் அறிவியல் சொல்லிக்கொடுக்க ஏற்ற நாள். "அந்தப் பாடம் மூணாம் பருவத்தில் வரும், அப்போ பார்ப்போம்" என்று தள்ளிவிட்டால், மூணாம் பருவத்தில் கேள்வியையும் நாமே கேட்டு பதிலையும் நாமே சொல்ல வேண்டிவரும்.

செய்து பார்த்துக் கற்கிற வழி நம்ம பள்ளிகளுக்குப் புதுசு இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்த செயல்வழிக் கற்றல் சில வருடத்தில் மாநிலம் முழுக்க வந்தது. 2022-ல் சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும், 6 முதல் 8 வரை வானவில் மன்றம் என்று தொடர்ந்தது. நீ அஞ்சுகிராமம் பக்கத்தில் டீச்சராக இருக்கிறாய். கடல், காற்றாலை, குளம், மலை, ராக்கெட் எஞ்சின் சோதிக்கிற இடம், எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் அது. அதை வகுப்புக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று சொல்கிறேன், கேட்டியா?

1. செய்தியைப் படித்துக் காட்டாதே, அளக்க வை

பேப்பரை எடுத்து வாசித்தால் அது பொது அறிவுதான். பிள்ளை தன் கையால் ஒன்றைச் செய்து, ஸ்கேலோ கடிகாரமோ வைத்து அளந்து, ஒரு எண்ணை நோட்டில் எழுதினால்தான் அறிவியல். எந்தச் செய்தியை எடுத்தாலும் முதலில் உன்னையே கேட்டுக்கொள்: "இதில் என் பிள்ளைகள் எதை அளக்கலாம்?" விடை கிடைத்தால் எடு, கிடைக்காவிட்டால் விட்டுவிடு.

2. மழைக்காலத்தில் ஒரு மழைமானி

இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை எடு. தோள்பட்டைக்குக் கீழே, பக்கங்கள் நேராக இருக்கிற இடத்தில் வெட்டு. வெட்டிய மேல்பாகத்தை மூடி இல்லாமல் தலைகீழாகக் கவிழ்த்து வை, அதுவே புனல். பாட்டிலின் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும், அதனால் கூழாங்கல் போட்டு, மட்டமாகும்வரை தண்ணீர் விடு. அந்த மட்டம்தான் பூஜ்யம். அங்கிருந்து மேலே ஸ்கேல் தாளை ஒட்டு. மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், நாலு செங்கல் நடுவில் வை.

வானிலை மையம் தினமும் காலை 8.30-க்கு அளக்கும். நம்ம பிள்ளைகள் மணி அடித்ததும் அளக்கட்டும். நம்ம மாவட்டத்தின் மழை அளவுகள் பேப்பரில் வரும். மயிலாடி, கொட்டாரம், நாகர்கோவில், பேச்சிப்பாறை என்று ஊர் ஊராக இருக்கும். மயிலாடியும் கொட்டாரமும் உனக்குப் பக்கத்து ஊர்கள். பிள்ளைகள் எடுத்த அளவை அதோடு ஒப்பிடச் சொல்லு. "மலையடிவாரப் பேச்சிப்பாறையில் மட்டும் ஏன் இவ்வளவு?" என்று அவர்களே கேட்பார்கள்.

அலர்ட் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரு நாளில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை, ரெட் அலர்ட் அதற்குத்தான். இந்த மூன்று கோட்டையும் சுவரில் கலர் சாக்பீஸால் போடு. பிறகு 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த மழையையும் குறி. 95 செ.மீ. அந்தக் கோட்டுப் பக்கத்தில் ஒரு மூணாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்து. கோடு நெஞ்சுக்கு வரும். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அஞ்சாம் வகுப்புக்குக் கணக்கும் உண்டு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். பள்ளி மாடியின் நீள அகலத்தை அளந்து, நேற்றைய மழையில் எத்தனை குடம் வீணாய்ப் போனது என்று கண்டுபிடிக்கட்டும்.

3. செப்டம்பர் ஒன்றாம் தேதியை மறக்காதே

"மதியம் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்" என்று தினமும் நடப்பதுபோலச் சொல்லிக்கொடுக்கிறோம். அது தவறு. நம்ம ஊரில் வருடத்துக்கு இரண்டு நாள்தான் அப்படி நடக்கும்: ஏப்ரல் 10, 11 வாக்கில் ஒரு முறை, செப்டம்பர் 1-ஐ ஒட்டி ஒரு முறை. நேரமும் பன்னிரண்டு இல்லை, 12.20 வாக்கில். நம்ம கடிகாரம் அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், அதனால் உச்சி நேரம் 20 நிமிஷம் தள்ளி வரும். சென்னையில் நிழலில்லா நாள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். டெல்லியில் அப்படி ஒரு நாளே கிடையாது.

செய்முறை சுலபம். மைதானத்தில் மட்டமான இடத்தில் நேரான குச்சி ஒன்றை நடு. குச்சி செங்குத்தா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுப் பார். 11.40-லிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்க ஆள் மாற்றி ஆளை அனுப்பு. 12.20-க்கு நிழல் குச்சியின் அடியில் ஒடுங்கும். எல்லோரும் ஒரு காலில் நின்று தங்கள் நிழலைத் தேடட்டும். சத்துணவு நேரம் என்பதால் ஹெச்.எம்.மிடம் முன்பே சொல்லி வை. மேகம் மறைத்தால் மறுநாள் செய், வித்தியாசம் மிகச் சிறிது.

இதை ஒரு நாளோடு விட்டுவிடாதே. மாதம் ஒருமுறை அதே நேரம், அதே குச்சி. ஒரு மீட்டர் குச்சியின் உச்சி நிழல் ஜூன் 21 வாக்கில் தெற்கே 27 செ.மீ. விழும். டிசம்பர் 22 வாக்கில் வடக்கே 61 செ.மீ. விழும். நிழல் பக்கம் மாறுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்போது நீ வாயைத் திறக்காதே.

4. ஆடிக் காற்றைச் சும்மா விடாதே

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. உன் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறவை. ஆடியில் பனை ஓலைக் காற்றாடி செய்யச் சொல்லு. ஒரு இதழுக்கு மட்டும் சாயம் பூசு, அரை நிமிஷத்தில் எத்தனை சுற்று என்று எண்ணலாம். மைதானம், வராந்தா, கட்டடத்தின் மூலை என்று மூன்று இடத்தில் எண்ணட்டும். சந்து மாதிரி இடுங்கின இடத்தில் காற்று வேகமாக வருகிறதா என்று பார்த்தால் கணவாய் புரிந்துபோகும். காற்றாலையின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஆடியில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை வரைந்து வைக்கச் சொல்லு.

5. ராக்கெட் செய்தி வந்தால் பலூன் எடு

மகேந்திரகிரி நமக்குப் பக்கத்து மலை. இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்களை அங்கேதான் சோதிக்கிறார்கள். இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் சரக்கல்விளைக்காரர், 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். இரண்டு பேருமே நம்ம மாவட்டத்தில் தமிழ் வழியில் படித்தவர்கள். இதை முதலில் சொல்லு, பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும்.

பிறகு வகுப்பின் இரு ஜன்னலுக்கு நடுவே நூல் கட்டி, அதில் ஸ்ட்ரா கோத்து, ஊதிய பலூனை ஸ்ட்ராவில் டேப் போட்டு ஒட்டி விடு. மூன்று ஊது ஊதினால் எவ்வளவு தூரம், ஆறு ஊதினால் எவ்வளவு? அளந்து அட்டவணை போடட்டும். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள். அன்றைக்கு வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

6. கிரகணத்தன்று ஜன்னலைச் சாத்தாதே

2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள், கன்னியாகுமரியில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. பிள்ளைகளின் அப்பா அம்மா பார்த்திருப்பார்கள். "அன்றைக்கு என்ன பார்த்தீங்க, என்ன பண்ணினீங்க?" என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லு. 2027 ஆகஸ்ட் 2 மாலை பகுதி கிரகணம் இங்கே தெரியும். இப்போதே தயாராகலாம்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இரு: வெறுங்கண்ணால், கூலிங் கிளாஸால், பழைய எக்ஸ்ரே ஃபிலிமால் சூரியனைப் பார்க்கவே கூடாது. அட்டையில் குண்டூசித் துளை போட்டு, முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்று, வெளிச்சம் விழும் தாளைப் பார்க்கலாம். வேப்பமர நிழலிலும் இலை இடுக்கு வழியாக நூறு சின்னச் சூரியன்கள் தரையில் விழும். சாப்பிடலாமா என்ற கேள்விக்கு, கிரகண நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வெளியில் வைத்து, முடிந்ததும் மணம், நிறம் பார்க்கச் சொல்லு. பிறகு நீயே பிள்ளைகளோடு ஒரு முறுக்கைக் கடி.

7. டெங்குச் செய்தி வந்தால் சிரட்டையைத் தேடு

பள்ளியைச் சுற்றி சிரட்டை, டயர், பூந்தொட்டித் தட்டு எத்தனை என்று எண்ணச் சொல்லு. எத்தனையில் தண்ணீர், அதில் எத்தனையில் கூத்தாடிப் புழு? மூன்று எண், ஒரு பட்டை வரைபடம். கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் புழுத் தண்ணீரை எடுத்து, வாயில் வலைத்துணி கட்டி, புழு மூச்சுவிட மேலே வந்து தலைகீழாகத் தொங்குவதைக் காட்டு. அன்றே அதைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிடு. முட்டை கொசுவாகச் சுமார் எட்டு, பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு நாள் தேய்த்துக் கழுவி உலர விட வேண்டும் என்ற காரணத்தைப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லும். நீ நோட்டீஸ் அடிக்க வேண்டாம்.

8. தை மாதம் பறவைக்கு

சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகிற இடம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். லீவு நாட்கள் என்பதால் ஆளுக்கு 15 நிமிஷம் வீட்டு முற்றத்திலேயே எண்ணட்டும். பெயர் தெரியாவிட்டால் அலகையும் காலையும் வரைந்தால் போதும்.

9. வாட்ஸ்அப் செய்தியைச் சோதித்த பிறகு கொண்டுபோ

"செவ்வாய் கிரகம் நிலா அளவுக்குத் தெரியப்போகிறது" என்ற செய்தி 2003-லிருந்து ஆகஸ்ட் தோறும் சுற்றுகிறது. அதையே வகுப்புக்கு எடு. "ராத்திரி பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்று அனுப்பு. கேட்டதை நம்பாமல் பார்த்துச் சொல்கிற பழக்கம் பத்து வயதுக்குள் வந்துவிட்டால் அது போகாது.

10. துக்கச் செய்தியில் கவனம்

2004 சுனாமியும் 2017 ஒக்கிப் புயலும் இந்தக் கடற்கரை வீடுகளில் இன்னும் ஆறாத காயம். தட்டில் தண்ணீர் ஊற்றிச் சுனாமி விளையாட்டுக் காட்டாதே. மாமாவையோ தாத்தாவையோ கடலில் இழந்த வீட்டுப் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கலாம். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு என்ன சொல்கிறது, எச்சரிக்கை வந்தால் எங்கே போக வேண்டும் என்று காப்பாற்றும் பக்கத்திலிருந்து தொடங்கு.

11. பாடத்தோடு முடிச்சுப் போடு

எந்தச் செயலும் இருபது நிமிஷத்துக்குள் முடியட்டும், நிழல் அளப்பது மட்டும் விதிவிலக்கு. முடிந்ததும் பாடப்புத்தகத்தில் அதற்குரிய பக்கத்தைத் திறந்து தேதி போடு. ஆய்வுக்கு யார் வந்தாலும் காட்டலாம், உனக்கும் பாடம் பின்தங்காது. பிள்ளை தவறான அளவு எழுதியிருந்தால் அழித்துத் திருத்தாதே, மறுபடி அளக்கச் சொல்லு.

இவை எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய வேண்டும் என்று இல்லை, தங்கச்சி. ஒரு பருவத்துக்கு இரண்டு போதும். நாளைக்கே ஒரு பாட்டிலை வெட்டி மழைமானி வை, காலண்டரில் செப்டம்பர் 1-ஐ வட்டம் போடு. கேட்கிற பிள்ளைக்கு அந்த வாரமே பதிலைக் கையில் கொடுக்கிற டீச்சராக இரு.