மத்தியானத்தில் சோர்ந்து போகும் பிரஸ்

பெரிய காஞ்சிபுரம்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதத்தை உன் அப்பா முதலில் படித்தான். பிறகு, "பிரஸ்ஸு, பம்ப்பு எல்லாம் உன் சமாச்சாரம், நீயே பதில் போடு" என்று என் கையில் திணித்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டான். கோர்வைச் சேலை ஒன்று தறியில் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முன் இறக்கியாக வேண்டும்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ கார் செய்ய ஆரம்பித்த பிறகு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் நம் தெருப் பிள்ளைகள் ஏறாத நாள் இல்லை. ஆனால் மெயின்டனன்ஸ் பிரிவுக்குப் போன பெண் பிள்ளை, எனக்குத் தெரிந்து நம் குடும்பத்தில் நீதான் முதல். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

நீ எழுதியது இவ்வளவுதான். 60 டன் ஹைட்ராலிக் பிரஸ். காலை ஷிஃப்ட்டில் ஒழுங்காக ஓடுகிறது. மத்தியானம் ஆனால் மெதுவாகிறது. சூப்பர்வைசர், "பம்ப் போயிடுச்சு, மாத்தணும்" என்கிறார். பம்ப் போயிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த ரீடிங்கும் எடுக்காமல் பம்ப்பை மாற்றுவது என் கண்ணில் வைத்தியம் ஆகாது. புதுப் பம்ப்பும் அடுத்த மத்தியானம் அதே மாதிரி சோர்ந்தால் அப்புறம் எதை மாற்றுவது?

முதலில் ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றிக்கொள். பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை. பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். எதிரில் பாரம் வந்து தடுக்கும்போதுதான் பிரஷர் ஏறுகிறது. அழுத்தும் தண்டு, அதாவது ராம், வெறுமனே இறங்கும்போது கேஜ் முள் ஏறக்குறைய படுத்தே கிடப்பதைப் பார்த்திருப்பாய். தகட்டைத் தொட்டவுடன் சரேலென்று ஏறும். ஆகவே மெஷின் மெதுவாகிறது என்றால் ஆயில் ஓட்டம் குறைந்திருக்கிறது. வேகம் இருந்தும் அழுத்த முடியவில்லை என்றால் பிரஷர் நிற்கவில்லை. ஆபரேட்டர் இரண்டுக்கும் சேர்த்து "பவர் இல்ல" என்றுதான் சொல்வார். எது என்று பிரித்துக் கேட்பது உன் வேலை.

இப்போது கணக்கு. சிலிண்டர் விட்டம் 20 செ.மீ. என்று வை. பரப்பு 314 சதுர செ.மீ. 190 பாரில் அது 60 டன்னுக்குச் சற்று மேல் அழுத்தும். பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளுகிறது என்றால், ராம் பாரத்தோடு 10 செ.மீ. இறங்க 3.14 லிட்டர் வேண்டும், அதற்கு 6.3 விநாடி ஆகும். உன் மொபைலில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. மத்தியானம் நேரம் பார். எட்டரை விநாடி என்று வந்தால், சிலிண்டருக்குப் போய்ச் சேருவது நிமிடத்துக்கு 22 லிட்டர்தான். மீதி 8 லிட்டர் எங்கே போனது? தரையில் சிந்தவில்லை. அப்படியானால் உள்ளேயே ஏதோ ஒரு வழியாக டேங்குக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அந்த வழியைத்தான் நீ கண்டுபிடிக்க வேண்டும்.

அதே அளவை வெறும் ஸ்ட்ரோக்கிலும் எடு. பாரத்தில் மட்டும் மெதுவானால் உள்கசிவு, ஏனென்றால் கசிவு பிரஷரோடு சேர்ந்து வளரும். பாரமே இல்லாதபோதும் மெதுவாக இருந்தால் பம்ப்புக்குள் ஆயில் சரியாக வந்து சேரவில்லை என்று சந்தேகப்படு. சக்ஷன் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும், அல்லது டேங்க் மூடியிலுள்ள பிரீதரில் தூசி ஏறியிருக்கும். பிரீதர் விலை ரொம்பக் குறைவு, அதனாலேயே அதை யாரும் மதிப்பதில்லை. இன்னொன்றையும் பார்: இறங்கும்போது மட்டும் மெதுவா, ஏறும்போதுமா? இரண்டு பக்கமும் என்றால் கோளாறு பொதுவான பாதையில், அதாவது சக்ஷன், பம்ப், பிரஷர் மிஞ்சினால் ஆயிலை டேங்குக்குத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு பக்கம். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து வால்விலோ சிலிண்டரிலோ தேடு.

பாவில் ஓர் இழை அறுந்தால் உன் அப்பா என்ன செய்கிறான் என்று சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். அறுந்த முனையைப் பின்னாலிருந்து தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, அதே விழுதுக் கண்ணில் நுழைத்து, அதே அச்சுப் பல்லில் இழுத்துக் கட்டுவான். நடுவில் எங்கேயாவது கை வைத்தால் சேலையில் கோடு விழும். ஆயிலையும் அப்படித்தான் டேங்கிலிருந்து பிடித்துக்கொண்டு வா. டேங்க், ஸ்ட்ரெய்னர், பம்ப், ரிலீஃப் வால்வு, டைரக்ஷன் வால்வு, சிலிண்டர், திரும்பும் லைன், ஃபில்டர், கூலர், மறுபடி டேங்க். மெஷின் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சர்க்யூட் படம் அழுக்கேறி மங்கியிருக்கும். அதைத் துடைத்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்.

"மத்தியானம்" என்ற சொல்லை விடாதே. காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவே மாறுவது சூடு. ஆயில் சூடானால் நீர்த்துப்போகும். நீர்த்த ஆயில் சின்ன இடுக்கிலும் நழுவும், காலையில் கெட்டியாக இருந்தபோது நழுவாத இடத்திலும் நழுவும். அந்தக் கசிவே மேலும் சூடாக்கும். பாரம் தூக்காமல், தகட்டை அழுத்தாமல் பிரஷர் எங்கே விழுந்தாலும் அது அப்படியே சூடாக மாறுகிறது. 190 பாரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் சும்மா கசிந்தால் அது இரண்டரை கிலோவாட். வீட்டுக் குளியலறை கீசர் பெரும்பாலும் 2 கிலோவாட்தான். ஆகவே சூடே உனக்கு வழி காட்டும். கம்பெனியில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருக்கும், கேட்டு வாங்கு. ரிலீஃப் வால்விலிருந்து டேங்குக்குத் திரும்பும் லைனைப் பார். பிரஸ் அழுத்திக்கொண்டிருக்கும்போது அந்த லைன் மற்றவற்றை விடச் சுட்டால் வால்வு முழுதாக மூடவில்லை. உள்ளே ஒரு துணுக்கு அழுக்கு உட்கார்ந்திருந்தாலே போதும். பிஸ்டன் பம்பாக இருந்தால் கேஸ் டிரெயின் லைனைக் கழற்றி, அளவு போட்ட ஜாடியில் ஒரு நிமிடம் பிடி. பம்ப் கம்பெனி கொடுத்த அளவை விட ரொம்ப அதிகம் வந்தால், அப்போது சூப்பர்வைசர் சொன்னது சரி. எண்ணோடு போய்ச் சொல்.

என் சந்தேகம் கூலர் மேல்தான். போர் தண்ணீர் காய்ச்சுகிற நம் வீட்டுப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் கூலர் குழாய்க்குள்ளும் படிகிறது. சுண்ணாம்பு படிந்த கூலருக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கையை வைத்தால் குளுகுளுவென்றும் இருக்கும், ஆனால் ஆயிலின் சூட்டை வாங்காது. டேங்கில் ஆயில் 60 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு. சீல்களும் விறைத்துப்போகும்.

இனி அழுக்கு. ஹைட்ராலிக் மெஷினில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு ஆயிலில் இருக்கும் அழுக்கால்தான். தலைமுடி சுமார் 70 மைக்ரான். வால்வுக்குள் நகரும் ஸ்பூலுக்கும் அதன் வீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். பம்ப்பை அரிக்கும் தூசி உன் கண்ணுக்கே தெரியாது. "ஆயில் பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. சீல் உடைக்காத புது பேரல் ஆயில்கூட நேரே ஊற்றும் அளவுக்குச் சுத்தமில்லை. ஃபில்டர் வண்டி வழியாகத்தான் ஊற்ற வேண்டும். நம் ஊர் வெயிலுக்குப் பொதுவாக 68 கிரேடு போடுகிறார்கள். 40 டிகிரியில் அதன் பிசுக்கு 68 என்று அர்த்தம். பக்கத்து மெஷினில் 46 என்று எழுதியிருந்தால் இரண்டையும் கலக்காதே.

கண்ணாலும் காதாலும் தெரியும் விஷயங்களும் உண்டு. ஆயில் மோர் மாதிரி வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, கூலர் ஓட்டையா என்று பார். மேலே நுரை தள்ளினால் சக்ஷன் பக்கம் ஏதோ ஒரு யூனியனில் காற்று இழுக்கிறது. காற்று கலந்தால் ராம் துள்ளித் துள்ளி இறங்கும். கருகிய வாடை வந்தால் சூடு வெகுநாளாக இருக்கிறது. பம்ப்புக்குள் ஜல்லி உருள்கிற சத்தம் கேட்டால் உடனே நிறுத்து. உறிஞ்ச ஆயில் இல்லாமல் பம்ப் தன்னையே தின்றுகொண்டிருக்கிறது.

சீல் பற்றி ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். அடைத்துவைத்த திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொல்லிவிட்டார். அதை வைத்து லண்டனில் ஜோசப் பிரமா பிரஸ் ஒன்று செய்து 1795-இல் காப்புரிமை வாங்கினார். கணக்கெல்லாம் சரி, ஆனால் ராமைச் சுற்றித் தண்ணீர் பீச்சியடித்தது. இறுக்கி அடைத்தால் ராம் நகராது, தளர்த்தினால் ஒழுகும். தீர்த்துவைத்தவர் அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே, இருபதுகளில் இருந்த பையன். கவிழ்த்த கிண்ணம் மாதிரித் தோலால் ஒரு வளையம் செய்தார். உள்ளே பிரஷர் ஏற ஏற அது தானாகவே ராமோடு இறுகும், பிரஷர் விட்டதும் தளரும். இன்று நீ மாற்றுகிற யு-கப் சீல் அதன் பேரப்பிள்ளை. உதடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது இந்தக் கதையிலேயே இருக்கிறது: பிரஷர் வரும் பக்கம். திருப்பிப் போட்டால் புது சீலும் முதல் நாளே ஒழுகும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றாதே. உதட்டில் நகக்கண் அளவு வெட்டு விழுந்தாலும் அது சீல் இல்லை.

தினமும் ஓடும் மெஷினை விட, சும்மா கிடந்து திடீரென்று ஓடும் மெஷின்தான் அதிகம் ஏமாற்றும். ஏகாம்பரநாதர் பங்குனித் தேரில் முட்டுக்கட்டை போடுகிறவர்களை ராஜவீதியில் நின்று பார்த்தவள் நீ; ஓடும் தேரை நிறுத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்குத் தெரியும். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி, சுமார் 300 டன். பல வருஷம் ஓடாமல் நின்றுபோய் 1970-இல் மறுபடி ஓடியது. அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. வருஷத்தில் ஓரிரு நாள் வேலை செய்ய வேண்டிய பிரேக் அது. ஆனால் அந்த நாளில் தவறக் கூடாது. இப்படிப்பட்ட சாதனத்தில் சீல் காய்ந்து ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும், ஈரம் இறங்கித் துரு பிடிக்கும். ஆகவே சும்மா இருக்கும் மாதங்களிலும் அவ்வப்போது இயக்கிப் பார்க்க வேண்டும். ஏரியில் மண் எடுக்கும் ஜேசிபிக்கும் இதே விதிதான். மழைக்காலத்தில் ராடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்தினால் அதன் பளபளப்பில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். மறுபடி ஓட்டும்போது ஒவ்வொரு புள்ளியும் சீலைக் கீறும். எல்லா சிலிண்டரையும் எவ்வளவு உள்ளே இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து, பக்கெட்டைத் தரையில் வைத்து நிறுத்துகிற ஆபரேட்டர் கிடைத்தால் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கலாம்.

இதையும் கவனமாகப் படி. கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்காதே. ஹோஸில் ஊசித்துளையாக வரும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே முள் குத்தினது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கிக் கறுக்கும். அது அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய காயம். யாருக்கு நடந்தாலும் மருந்துக் கடைக்குப் போகாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், "ஹை பிரஷர் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று அதே சொற்களில் சொல். கசிவைத் தேட நீளமான அட்டைத் துண்டு போதும். யூனியனைத் தளர்த்தும் முன் மோட்டாரை அணைத்துப் பூட்டு, ராமுக்கு அடியில் தடுப்புக் கட்டை வை, கேஜ் சுழிக்கு வந்ததா பார். பிரஷரைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டர் இருக்கும் மெஷின் என்றால் மோட்டார் அணைந்த பிறகும் அதற்குள் பிரஷர் காத்துக்கொண்டிருக்கும். அதை டேங்குக்கு இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அதில் நைட்ரஜன் மட்டுமே நிரப்புவார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வா. ஆயிலும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

நாளைக்கே நோட்டு ஒன்று போடு. தேதி, நேரம், ஆயில் சூடு, கேஜ் ரீடிங், ஸ்ட்ரோக் நேரம். காலை ஒரு வரி, மத்தியானம் ஒரு வரி. ஒரு வாரம் எழுதியபின் கூலரைத் திறக்கச் சொல். திறக்கும் முன் ஆயில் கூலருக்குள் போகும் சூட்டையும் வெளியே வரும் சூட்டையும் எழுதி வை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான் என்றால் கூலரைச் சுத்தம் பண்ணிவிட்டு மறுபடி ஸ்ட்ரோக் நேரம் பார். வித்தியாசம் நல்லபடியாக இருந்தும் பிரஸ் மெதுவாகவே இறங்கினால், ரிலீஃப் வால்வைக் கழற்றும் முன் எனக்கு போன் பண்ணு. அதன் அட்ஜஸ்ட்மென்ட் போல்ட் எத்தனை சுற்றில் நிற்கிறது என்று முதலில் எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
பெரியப்பா