வேக்குவம் பம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?

புதிதாகத் தனியே தொழில் தொடங்கும் ஏ.சி. மெக்கானிக்குகள் பலர் வேக்குவம் பம்ப்பைக் கடைசியாகத்தான் வாங்குகிறார்கள். அதுவரை இரண்டு குறுக்குவழிகளில் காலம் ஓடுகிறது. ஒன்று, அவுட்டோர் யூனிட்டில் உள்ள கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு பைப்பிலிருக்கும் காற்றை வெளியே தள்ளுவது. மற்றொன்று, பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரைப் பம்ப்பாக ஓட்டுவது. இரண்டையும் இன்றோடு விட்டுவிடுங்கள் என்பேன்.

காரணம் ஈரம். கேஸை விட்டுத் தள்ளினால் காற்று ஓரளவு போகும். பைப்பின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் போகாது. அதைக் கொதிக்கவைத்து ஆவியாகத்தான் இழுக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் கொதிக்க, அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இறங்க வேண்டும். முழுதாக உலர, அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான் வரை போக வேண்டும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் அந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆர்-22 காலத்து மினரல் ஆயில் கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொண்டது. ஆர்-410ஏ மெஷின்களில் வரும் பி.ஓ.இ. ஆயில் ஈரத்தை உறிஞ்சி, நாளடைவில் அமிலத்தை உண்டாக்கி, கம்ப்ரசரையே தின்றுவிடும். ஆர்-32 தீப்பற்றும் கேஸ் வேறு. அதை வீட்டுக்குள் திறந்துவிடுவதை நினைத்தாலே பதறுகிறது.

சரி, எந்தப் பம்ப்? சிங்கிள் ஸ்டேஜ் விலை குறைவு. அதன் பெட்டியில் பெரும்பாலும் 150 மைக்ரான் என்று போட்டிருக்கும். டபுள் ஸ்டேஜில் 15 என்றிருக்கும். புதிதாக இருக்கும்போது சிங்கிள் ஸ்டேஜும் 500-ஐத் தொடும். ஆனால் ஆயில் சற்றே அழுக்கானதும் திணறும். தினமும் இன்ஸ்டலேஷன் செய்பவர் டபுள் ஸ்டேஜ் வாங்குவதே சரி. மாதம் ஒன்றிரண்டு வேலைதான் என்றால், ஆயிலை ஒழுங்காக மாற்றும் பழக்கமும் இருந்தால், சிங்கிள் ஸ்டேஜ் போதும்.

பலரும் ஏமாறுவது சி.எஃப்.எம். கணக்கில். ஒன்றரை டன் ஸ்ப்ளிட்டுக்கு 2 அல்லது 3 சி.எஃப்.எம். தாராளம். 8 சி.எஃப்.எம். பம்ப் வாங்கி, அதில் கால் இன்ச் ஹோஸை மாட்டினால், அந்த ஹோஸ் விடுகிற அளவுதான் காற்று வரும். பெரிய பம்ப்புக்கு ஆகும் பணத்தில் ஒரு தடித்த, குட்டையான ஹோஸ் வாங்கினால் நேரம் மிச்சம்.

மீதிப் பணத்துக்கு மைக்ரான் கேஜ் வாங்குங்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மேனிஃபோல்டு கேஜின் முள்ளில் 5,000 மைக்ரானுக்கும் 500 மைக்ரானுக்கும் உள்ள இடைவெளி கால் அங்குலப் பாதரச அளவுகூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. “அரை மணி நேரம் ஓடிவிட்டது, போதும்” என்பது வெறும் ஊகம். மைக்ரான் கேஜ் இருந்தால், 500-க்குக் கீழே இறங்கியதும் வால்வை மூடிப் பத்து நிமிடம் பார்க்கலாம். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் மிச்சம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ லீக், பெரும்பாலும் ஃப்ளேர் நட்டில். லீக் தேடும் வேலையை வேக்குவத்தை நம்பி விடாமல், முதலிலேயே நைட்ரஜன் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.

கரண்ட் போகும் ஊரில், ஆயில் பின்னுக்கு ஏறாமல் தடுக்கும் வால்வு உள்ள பம்ப்பாகப் பாருங்கள். அது இல்லையென்றால், பம்ப் நின்ற நொடியில் அதன் ஆயிலை ஏ.சி. பைப் உறிஞ்சிக்கொள்ளும். ஆர்-32 வேலை அதிகம் என்றால், அந்த கேஸுக்கு ஏற்றது என்று பம்ப்பிலேயே குறித்திருக்கிறதா எனக் கடையில் கேட்டு வாங்குங்கள். கையோடு இரண்டு பாட்டில் வேக்குவம் பம்ப் ஆயிலும் வாங்கிவிடுங்கள். கண்ணாடியில் ஆயில் பால்போல் கலங்கித் தெரிந்தால், அடுத்த வீட்டுக்குப் போகுமுன் மாற்ற வேண்டும்.