முப்பத்தெட்டில் தொழில் கற்கலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வயது 38. இனி என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் என்ற தொழிற்பயிற்சி அமைப்பு சேர்த்துக்கொள்ளும், அம்மா. 15 முதல் 45 வயது வரை இடமுண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும்தான். இது 1967-ல் மும்பையில் தொழிலாளர்களுக்காக வேறு பெயரில் தொடங்கியது. பணம் மத்திய அரசுடையது, நடத்துவது தொண்டு நிறுவனம். அதனால்தான் வகுப்பு ஊர்ப்பக்கமே வர முடிகிறது. தையல், அழகுக்கலை போன்ற பயிற்சிகள் உண்டு. ஆனால் சான்றிதழை மட்டும் நம்பி இறங்காதீர்கள். தையல் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே சம்பாதிக்கிறார்கள், மையத்துக்குக் கடைகளோடும் வங்கியோடும் தொடர்பு உண்டா என்று முதலில் கேளுங்கள். மழுப்பினால் சேராதீர்கள். எல்லா மாவட்டத்திலும் மையம் இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.