ஜெர்மன் பி1 தேர்வு: கேட்டல் பகுதிக்குக் கம்ப்யூட்டரில் பயிற்சி

ஜெர்மன் படிப்பவர்கள் பலர் பயப்படுவது கேட்டல் பகுதிக்குத்தான். கோதே இன்ஸ்டிடியூட்டின் பி1 தேர்வில் இதற்குச் சுமார் 40 நிமிடங்கள், நான்கு பகுதிகள், 30 கேள்விகள். முதல் பகுதியும் நான்காம் பகுதியும் இரண்டு முறை ஒலிக்கும். இரண்டும் மூன்றும் ஒரே முறைதான். அதாவது 12 கேள்விகளுக்கு மறுவாய்ப்பே கிடையாது. தேர்ச்சிக்கு 100க்கு 60 வேண்டும்.

கோதே இணையதளத்தில் மாதிரித் தேர்வு ஒலிக்கோப்புடன் இலவசமாகக் கிடைக்கிறது. டவுன்லோட் செய்து விஎல்சி பிளேயரில் திறந்து கொள்ளுங்கள். பேச்சு வேகமாக இருந்தால் [ கீயைத் தட்டுங்கள், வேகம் சிறிது குறையும். = கீ பழைய வேகத்துக்குக் கொண்டு வரும். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க, வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ் கிளிக் செய்யுங்கள். அதில் வரும் ஏ-பி பட்டனை வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் கிளிக் செய்தால் போதும்.

நான் இதை எண்களுக்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். நாம் 'முப்பத்து நான்கு' என்போம். ஜெர்மனில் 'நான்கும் முப்பதும்' என்று வரும். அவசரத்தில் 43 என்று எழுதத் தோன்றும்! கேட்டவுடன் நோட்பேடில் டைப் செய்து பழகுங்கள். பிரியும் வினைச்சொற்களும் இப்படித்தான். ஜன்னலைத் திறந்தாரா, மூடினாரா என்பது வாக்கியத்தின் கடைசியில் வரும் 'ஔஃப்', 'ட்சூ' என்ற சின்னச் சொல்லில் இருக்கிறது. அதுவரை காதைத் தளர விடக்கூடாது.

தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் [ கீயைத் தொடாதீர்கள், பாஸ் பட்டனும் வேண்டாம். இரண்டாம், மூன்றாம் பகுதிகளை ஒரே முறை ஓட விட்டு, விடைகளைக் குறித்த பிறகே மீண்டும் கேளுங்கள்.