ரேஸ் படமெடுக்கப் போகும் மருமகனுக்கு



கொம்மா நேற்று ரெலிபோன் எடுத்தா. அநுராதபுரம் சாலியபுரவில் நடக்கும் கஜபா சுப்பர்குரோசுக்கு நீ போகப் போகிறாயாம். சும்மா பார்க்க அல்ல, பாதையோரத்தில் நின்று மோட்டச்சைக்கிள் ஓட்டத்தைப் படமெடுக்கவாம். 70-200 லென்ஸ் ஒன்றும் வாங்கியாயிற்றாம். அவவுக்கு இரண்டு கவலை. போட்டி நடப்பது இராணுவ முகாமில் என்பது ஒன்று. நீ அடிபட்டு வருவாயோ என்பது மற்றது.

முதலாவதில் நான் தலையிட மாட்டேன். இந்த நாட்டில் மண் பாதை ரேஸ்களில் பெரியவை பலவற்றைப் படைகள்தான் நடத்துகின்றன. சாலியபுரவில் கஜபா படைப்பிரிவு, தியத்தலாவையில் இராணுவ அக்கடமி. போவதும் விடுவதும் உன் மனதைப் பொறுத்தது. அடையாள அட்டையையும் அனுமதிக் கடிதத்தையும் கையோடு வைத்திரு, கேட்டால் காட்டு, அவ்வளவுதான். படைகளின் இடத்தில் ரேஸ் ஓடுவது புதிதும் அல்ல. கட்டுக்குருந்தையிலும் சென்னைப் பக்கத்துச் சோழவரத்திலும் ரேஸ் ஓடியது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதைகளில். எங்கள் இரணைமடுவிலும் ஒரு ஓடுபாதை இருக்கிறது. அதில் மோட்டச்சைக்கிள் ஓடும் காலத்தை நான் காண்பேனோ தெரியாது. அதுவரைக்கும் நீ தெற்கே போகத்தான் வேண்டும்.

நான் எழுத வந்தது இரண்டாவது கவலையைப் பற்றி. கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாவற்றிலும் உன் கை நல்ல கை. ஆனால் அங்கே மாப்பிள்ளையை ஒருக்கால் நிற்பாட்டி, தாலியைத் திரும்பப் பிடிக்கச் சொல்லலாம். நீ நகர்ந்தால் சனமும் விலகி இடம் விடும். ரேஸில் ஒருவரும் உனக்காக விலகப் போவதில்லை. ஏ9 வீதியில் பொடியள் ஓடுகிற வேகத்தையே எடுத்துக்கொள். மணிக்கு 72 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 20 மீற்றர். ஆபத்தைக் கண்டு உன் கால் அசையத் தொடங்கவே ஏறக்குறைய கால் செக்கன் போய்விடும். அதற்குள் வண்டி 5 மீற்றர் கிட்ட வந்திருக்கும். அதுவும் நீ கண்டிருந்தால்தான். நீட்டு லென்சுக்குள் கண்ணை வைத்திருப்பவனுக்குப் பக்கத்தால் வருவது எதுவுமே தெரியாது.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் ரேஸில் நடந்ததை நீ கைப்பேசியில் பார்த்திருப்பாய். அதைத் திரும்பவும் பார், இந்த முறை படப்பிடிப்பாளனாகப் பார். ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு நடந்த போட்டி, சனம் பாதையோரம் முட்டி நின்றது. ஒரு கார் கவிழ்ந்து கிடக்கிறது. ஆபத்து என்று உதவியாளர்கள் மஞ்சள் கொடி காட்டுகிறார்கள். அந்த நேரத்தில்தான் பின்னால் வந்த இன்னொரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்தது. 8 வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் செத்தார்கள். போட்டிக்கு உதவி செய்ய நின்றவர்களும் அதில் அடக்கம்.

அது கார் ஓட்டம், நான் போவது மோட்டச்சைக்கிள் என்று சொல்லாதே. நீ கவனிக்க வேண்டியது வரிசையை. முதல் வண்டி கவிழும், கொடி அசையும், கமரா வைத்திருக்கிறவனின் கால் தானாகவே கவிழ்ந்த இடத்தை நோக்கி ஓடும். அன்றைய பெரிய படம் அங்கேதான் இருக்கிறது என்று மனம் சொல்லும். அடுத்த வண்டி வந்து ஏறுவதும் அதே இடத்தில்தான். ஆகவே மஞ்சள் கொடி கண்டால் ஓடாதே. நின்ற இடத்திலேயே நில், அல்லது பின்னால் போ. சிவப்புக் கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்தி, கடைசி வண்டியும் நின்ற பிறகு பொறுப்பாளர் வரச் சொன்னால் போ. சொல்லாவிட்டால் உனக்கு அங்கே வேலை இல்லை.

வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காதே, வழுக்கும் வண்டி அந்தப் பக்கம்தான் போகும். மேட்டில் பாய்ந்து விழும் இடத்துக்கு நேரேயும் பக்கத்திலும் நிற்காதே. வருகிற வண்டிகளுக்கு முதுகு காட்டாதே, குந்தி இருக்காதே. ஓட்டம் நடக்கும்போது எடுத்த படத்தைத் திரையில் பார்க்கும் பழக்கத்தை விடு, அந்தப் படம் எங்கேயும் ஓடிவிடாது. ஒரு இடத்தைப் பிடிக்கும் முன் எந்தப் பக்கம் பாய்ந்து தப்பலாம் என்று பார்த்துக்கொள். பாய இடமில்லை என்றால் எவ்வளவு வடிவான இடமானாலும் விட்டுவிடு.

இனிப் படம். புதிதாக வருகிற எல்லாரும் ஷட்டரை 1/2000இல் வைத்துச் சுடுகிறார்கள். எல்லாம் கூர்மையாக வரும், ஆனால் சில்லுக் கம்பி ஒவ்வொன்றும் உறைந்து, வண்டி யாரோ ஸ்ராண்ட் போட்டு விட்டது மாதிரி நிற்கும். மேட்டில் பறக்கிற வண்டிக்கு 1/1000 சரி. மணிக்கு 72 கிலோமீற்றரில் போனாலும் அந்த நேரத்துக்குள் அது 2 சென்ரிமீற்றர்தான் நகரும். பறக்கும்போது தூசியும் ஓட்டுபவரின் உடம்பும் வேகத்தைச் சொல்லிவிடும். பக்கவாட்டில் ஓடுகிற வண்டிக்கு 1/125 வை, கை பழகப் பழக 1/60க்கு இறங்கு. வண்டி உனக்கு நேரே வரும் இடத்தை நோக்கிப் பாதங்களை ஊன்று. இடுப்பை மட்டும் திருப்பி, தூரத்திலேயே தலைக்கவசத்தைப் பிடித்துக்கொள். அதோடு கூடவே திரும்பி வா. அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதே. பழுதாகும் படங்களில் பெரும்பாலானவை அழுத்தியதும் கை நின்றுபோவதால் பழுதாகின்றன.

சத்தம் போடாத எலெக்ரோனிக் ஷட்டர் உன் கமராவில் இருந்தால் அதை அன்றைக்கு நிறுத்திவை. பல கமராக்களில் அது படத்தை வரிவரியாக வாசிப்பதால் வேகமாகப் போகும் பொருள் சரிந்து தெரியும். லார்டிக் என்ற பிரெஞ்சுக்காரர் நூறு வருடத்துக்கு முந்தி எடுத்த ரேஸ் கார்ப் படமொன்றில் சில்லு முட்டை வடிவில் சரிந்து நிற்கும். அந்தக் காலத்துக் கமராத் திரை மெதுவாக இறங்கியதால் வந்த கோணல் அது. அது இன்றைக்கும் பெயர் பெற்ற படம், ஆனால் உனக்கு அப்படி வாய்க்கும் என்று நம்பாதே.

இதையெல்லாம் பழக அநுராதபுரம் போகத் தேவையில்லை. வட்டக்கச்சிப் பக்கம் மாட்டுவண்டிச் சவாரி வைத்தால் முதலில் அங்கே போ. வேகம் இருக்கிறது, செம்மண் தூசி இருக்கிறது, கோட்டுக்கு உள்ளே எட்டி எட்டிப் பார்க்கிற சனமும் இருக்கிறது. மாடு எந்த நேரமும் பக்கவாட்டில் வெட்டித் திரும்பும், அதற்குக் கொடியும் தெரியாது. அங்கே சரியான இடம் பார்த்து நிற்கத் தெரிந்தவன் எங்கேயும் நிற்பான். மத்தியான வெயிலில் மினக்கெடாதே, தலைக்கவசத்துக்குள் முகம் கறுத்துப்போகும். பின்னேரம் வெயில் சரிந்த பிறகு தூசிக்குப் பின்னால் சூரியன் வரும்படி நின்று பார், தூசியே வெளிச்சமாக நிற்கும். திடலில் வைத்து லென்ஸ் மாற்றாதே. கமராவை ஒரு சொப்பிங் பையால் மூடிக்கொள்.

கொடி விழுந்து ஓட்டம் முடிந்த பிறகும் நில். தலைக்கவசத்தைக் கழற்றும்போது கண்ணைச் சுற்றி மட்டும் தோல் தெரியும், மற்ற இடமெல்லாம் மண். அந்த முகத்துக்காகக் காத்திருந்து எடு. தோற்றவனின் முகத்தையும் எடு. வென்றவனைச் சுற்றி எப்படியும் பத்துக் கமரா நிற்கும்.

விழுந்தவனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மோட்டச்சைக்கிள் ஓட்டத்தில் சின்னப் பிள்ளைகளும் ஓடுகிறார்கள். 2023 ஓகஸ்ட் மாதம் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் நடந்த தேசியப் போட்டியில் 13 வயதுப் பெங்களூர்ப் பையன் விழுந்து செத்துப்போனான். உன் லென்சுக்குள்ளும் அப்படி ஒன்று நடக்கலாம். எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. ஏன் நடந்தது என்று பிறகு விசாரிக்கிறவர்களுக்கு அந்தப் படம் தேவைப்படலாம், அவர்கள் கேட்டால் கொடு. ஆனால் வீட்டுக்காரருக்குத் தெரியும் முன் அது உன் கைப்பேசியிலிருந்து வெளியே போகக்கூடாது. 2009இல் போரின் கடைசியில் எங்கள் சனம் விழுந்து கிடந்த கோலத்தை முழு உலகமும் பார்த்தது. தன் பிள்ளையை அப்படி ஒரு படத்தில் அடையாளம் கண்ட தாய்மார் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். இதற்கு மேல் உனக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சவாரியில் எடுத்த படங்களை அனுப்பிவிடு. நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பாதே, ஆட்டம் கண்டது, தலை வெட்டுப்பட்டது எல்லாம் வேண்டும். எங்கே நின்று எடுத்தாய் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
மாமா
கிளிநொச்சி